வெண்டலின் பீப்பாய்க்குக் கேஸ் தேவைப்படாத வருடங்கள்

ஹால்வர் ஏரிக்கரையில் வெண்டல் க்ரூகரின் பீர்ப் பீப்பாய்களுக்கு, பீரை நுரைக்கவைத்துக் குழாய்க்குத் தள்ளுகிற கேஸ் எட்டு வருடங்களாகத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆர்விட் ஸ்டென்ரூட் மேல் அவனுக்கு இருந்த பொறாமையே போதுமானதாக இருந்தது. அந்த வருடங்களில் பெட்ரோல் விலை ஏறி இறங்கியது, ஊரைச் சுற்றியிருந்த பால் பண்ணைகளில் பாதி மூடின, ஒரு குளிர்காலத்தில் ஏரி ஜனவரி வரை உறையாமல், பனிக்கட்டிமேல் உட்கார்ந்து மீன்பிடிக்கிறவர்களைக் கரையிலேயே நிற்க வைத்தது. வெண்டலின் பிரஷர் மீட்டரில் முள் மட்டும் இறங்கவே இல்லை. சிலிண்டர் நிரப்பித் தரும் கடைக்காரி ஒருமுறை அவனைத் தேவாலய வாசலில் பிடித்துக்கொண்டு, "என்ன வெண்டல், பீர் காய்ச்சறத விட்டுட்டியா? கடைப் பக்கமே காணோம்?" என்று கேட்டாள். "இல்லையே, காய்ச்சிட்டுதான் இருக்கேன்" என்றான். "அப்ப கேஸுக்கு என்ன பண்றே?" "வீட்லயே கிடைக்குது." அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். விஸ்கான்சினில் வடக்கே போகப் போக மனிதர்கள் அடுத்த வீட்டு விஷயத்தை அந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தைக் காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகு பேசிக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் பொறாமைப்பட எதுவுமே இருக்கவில்லை. ஆர்விட்டின் மனைவி சோல்வெய்க் ஒரு நவம்பரில் இறந்துபோனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்விட் தினமும் காலையில் பனி தள்ளும் இயந்திரத்தை எடுத்து, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் வீட்டு வாசலில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தான். வெண்டலின் மனைவி மார்லிஸ் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "வெறுந்தரையில மெஷின ஓட்டிக்கிட்டிருக்கான் அந்த மனுஷன். போய் ஏதாவது கத்துக் குடேன். உனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதானே, அதையாவது குடு" என்றாள். வெண்டலுக்குத் தெரிந்தது பீர் காய்ச்சுவது. போய்க் கற்றுக் கொடுத்தான். முளைகட்டிய பார்லியை வேகவைத்து வடிப்பது, ஆறவைத்து ஈஸ்ட் போடுவது, பொங்கி அடங்கியதும் குளிர்பானக் கம்பெனிகள் கழித்துப் போட்ட உயரமான எஃகுப் பீப்பாயில் அடைப்பது எல்லாவற்றையும் சொன்னான். முக்கியமாக ஒன்றைச் சொன்னான்: "பீப்பாய ஃபிரிட்ஜுல வை. கேஸ பன்னெண்டுல நிறுத்து. நிறுத்திட்டு மறந்துடு. ரெண்டு வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத. அவசரப்பட்டு முப்பதுக்கு ஏத்திக் குலுக்கறானுங்க பாரு, அவனுங்க குடிக்கறது பீர் இல்ல, சோடா."

ஆர்விட் சரி என்றான். சரி என்றதோடு நிஜமாகவே மறந்தும்விட்டான். மனசு வேறெங்கோ இருந்தவனுக்கு அது சுலபமாக வந்தது. சொல்லிக் கொடுத்த வெண்டலுக்கோ அது ஒருநாளும் வந்ததில்லை. காலையில் காபிக்கு முன்னால் ஒரு தரம், படுக்கப் போகும் முன்னால் ஒரு தரம் ஃபிரிட்ஜைத் திறந்து முள்ளைப் பார்ப்பான், ஒரு மயிரிழை கூட்டுவான், ஒரு மயிரிழை குறைப்பான். அந்தக் கோடையில் கவுன்டி சந்தையில் வீட்டுப் பீருக்கான முதல் பரிசு, நீல ரிப்பன், ஆர்விட்டுக்குக் கிடைத்தது. இருபது வருடமாகப் போட்டியில் இருந்த வெண்டல் கைதட்டினான். அவன் உள்ளங்கை சிவந்துபோகும் அளவுக்குத் தட்டினான் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

ரிப்பனோடு விட்டிருந்தால் கேஸ் கடைக்கு நஷ்டம் வந்திருக்காது. வியாழக்கிழமைதான் விஷயத்தைக் கெடுத்தது. மார்லிஸ் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்தாள். வியாழக்கிழமைகளில் அவளுக்கு வேலை சீக்கிரம் முடியும். அன்றைக்கே செய்த, பல்லில் பட்டால் கீச்சென்று சத்தம் போடும் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒரு பையில் வாங்கிக்கொண்டு நேராக வெண்டலின் பீப்பாய் இருந்த கார் ஷெட்டுக்கு வந்து, மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, வெண்டல் ஊற்றித் தரும் ஒரு கிளாஸ் பீரை மெதுவாகக் குடித்தபடி ஆலையில் நடந்ததையெல்லாம் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். குடித்து முடித்ததும் வெண்டல், "எப்படி?" என்பான். "பரவால்ல" என்பாள். அந்த ஊரில் மோசமான சாப்பாட்டை "வித்தியாசமா இருக்கு" என்பார்கள், நல்ல சாப்பாட்டை "பரவால்ல" என்பார்கள், அதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்ந்து கெடுப்பதில்லை. ரிப்பன் வாங்கிய வாரம் ஆர்விட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருவரையும் கூப்பிட்டான். போனார்கள். மார்லிஸ் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரல்கடை நுரை, அதற்குக் கீழே தேன் நிறத்தில் அசையாமல் நின்ற பீர். ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்கு, ஆர்விட்" என்றாள்.

வெண்டல் வீட்டுக்கு வந்து தன் பீப்பாயில் குழாயைத் திறந்தபோது கிளாஸ் நிறைய நுரை வந்தது. இன்னொரு கிளாஸ் பிடித்தான், அதுவும் நுரை. அடுத்த வியாழன் மார்லிஸ் நாற்காலியை விரித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நுரை அடங்கி அடியில் ஒரு மடக்குப் பீர் தேங்கியது. "வெண்டல், இது குடிக்கறதுக்கா, இல்ல சவரம் பண்ணிக்கறதுக்கா?" என்றாள். "கொஞ்சம் பொறு, அடங்கிடும்." "அடங்கட்டும். அது வரைக்கும் நான் ஆர்விட் வீட்ல ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வந்துடறேன்." சொல்லிக்கொண்டே பாலாடைக்கட்டிப் பையையும் கையோடு எடுத்துப் போனாள். நுரையைவிட அந்தப் பை போனதுதான் வெண்டலை உறுத்தியது.

அப்போது அவன் செய்த தப்பு, வீட்டில் பீர் காய்ச்சும் எவனும் செய்கிற தப்பு. நுரை வருகிறதே என்று கேஸைக் குறைத்தான். குறைத்தால் பீரில் கரைந்திருக்கிற கேஸ், பீப்பாயிலிருந்து குழாய்க்குப் போகிற ட்யூபிலேயே பிரிந்து வெளியே வரும், நுரை இன்னும் கூடும், பீப்பாயில் மிச்சமிருப்பது சப்பென்று போகும். இதை அவனே ஊர் பீர் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் குறைத்தான். பத்துக்குக் கொண்டுவந்தான், ஆறுக்குக் கொண்டுவந்தான், கடைசியில் சிலிண்டரை மூடி, மூடிமேல் இருந்த வளையத்தை இழுத்து, புஸ்ஸென்று எல்லாவற்றையும் வெளியேற்றினான். முள் பூஜ்யத்தில் படுத்தது. அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்லிஸ் சிரிப்பது கேட்டது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கில் முட்டி, பன்றிக்குட்டி போல ஒரு சத்தத்தோடு முடிகிற சிரிப்பு. வெண்டல் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. சிலிண்டர் மூடியிருக்க, கேஸ் ட்யூப் கழன்று கிடக்க, முள் எழுந்து நாலைத் தொட்டது. சிரிப்பு இன்னொரு தரம் கேட்டது, ஒன்பது. ஆர்விட் என்னவோ சொன்னான், அதற்கு அவள், "போதும்ப்பா, வயிறு வலிக்குது!" என்றாள். முள் இருபதைத் தாண்டியது. வெண்டல் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தான், பிறகு புது மீட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தான். புதுசும் அதையேதான் காட்டியது. அந்த வாரக் கடைசியில் சிலிண்டரைக் கழற்றி, மண்வெட்டிகளுக்குப் பின்னால் சாத்திவைத்தான்.

ஊருக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் கூடுகிற பீர் கிளப்பில் ஒரு கூட்டம் முழுக்க அதைப் பற்றியே பேசினார்கள். வெட்கப்படும்படி யாரும் பேசவில்லை, பிரஷர் பிரச்சினையாகத்தான் பேசினார்கள். வெளியே பனி கொட்டும்போது கூடுமா குறையுமா என்று ஒருவன் கேட்டான். பொறாமையில் காய்ச்சின பீர் புளிக்குமா என்று இன்னொருவன் கேட்டான். புளிக்கவில்லை, ருசி நன்றாகவே இருந்தது, நுரையிலிருந்து பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை. தேவாலயப் பிக்னிக்கில் நடு மத்தியானத்தில் கேஸ் தீர்ந்துபோனபோது பாதிரியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "வெண்டல், கோவிச்சுக்காதே. அந்தப் பீப்பாய் பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்கறியா?" என்றார். நின்றான். எதுவும் நடக்கவில்லை. "யாராவது ஆர்விட்டோட ரிப்பனப் பத்தி எதையாவது பேசுங்களேன்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரிப்பன் எதுக்கு? அங்க பாரு, ஆர்விட் மார்லிஸுக்கு உருளைக்கிழங்கு சாலட் எடுத்து வைக்கறான்" என்றது இன்னொரு குரல். பீப்பாய் உறுமியது. அன்றைக்கு எல்லோருக்கும் இரண்டாவது கிளாஸும் கிடைத்தது.

கிளப்பிலேயே மூத்தவனான பழைய பிளம்பர் ஒருவன்தான் வழி சொன்னான். "பிரஷரக் குறைக்க முடியலன்னா ட்யூப நீட்டு. மெல்லிசு ட்யூபா போடு. நீளமா போற பீரு வழியெல்லாம் உரசி உரசி வேகம் குறைஞ்சு, வாய்க்கு வர்றப்ப சாதுவா வரும். உனக்கு எவ்வளவு காட்டுது?" "நாப்பது. வியாழக்கிழமைன்னா அறுபது." பிளம்பர் மெல்ல விசிலடித்தான். "அப்ப நிறைய ட்யூப் வேணும்ப்பா."

வெண்டல் நீட்டினான். முதலில் ஷெட்டுக்குள்ளேயே சுருட்டி வைத்தான். நுரை ஒரு விரல் குறைந்தது. பிறகு சுவரில் துளையிட்டு வெளியே கொண்டுபோய் வீட்டைச் சுற்றினான், அரை கிளாஸ் பீர் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு தரம் நீட்டும்போதும் குழாயை அடுத்த இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது, மாட்டும் இடத்திலிருந்து மார்லிஸ் போய் உட்காருகிற ஆர்விட்டின் ஷெட் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது, பிரஷர் இன்னும் கூடியது, அதற்காக இன்னும் நீட்டவேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ட்யூப் புல்வெளியைக் கடந்தது, லைலாக் புதரைச் சுற்றியது, வேலியோரமாகப் போனது. அந்தக் குளிர்காலத்தில் இடுப்பளவு பனிக்கு நடுவே ட்யூப் புதைத்த வழி மட்டும் விரல் அகலத்துக்கு உருகி, பச்சைப் புல்லாக வளைந்து வளைந்து கிடந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் அதைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். அவ்வளவு சூட்டிலும் பீர் எப்படிச் சில்லென்றே இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் காலையில் வெண்டல் கணக்குப் பார்த்தான். நுரையில்லாத ஒரு கிளாஸ் பீருக்கு இன்னும் கொஞ்சம் ட்யூப் தேவைப்பட்டது. அந்தக் கொஞ்சம் சரியாக ஆர்விட்டின் ஷெட் சுவர் வரைக்கும் இருந்தது.

வேலிக்கருகே போய் நின்றான். ஆர்விட்டும் வந்து நின்றான். இரண்டு பேரும் ஏரியைப் பற்றிப் பேசினார்கள், பனி இளகுவதைப் பற்றிப் பேசினார்கள், ஆர்விட்டின் லாரி டயரைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் வெண்டல், "உன் சுவத்துல ஒரு ஓட்ட போடணும்" என்றான்.

"எவ்வளவு பெருசு?"

"சுண்டுவிரல் போற அளவு."

"எந்தச் சுவத்துல?"

"மார்லிஸ் உக்காருவாளே, அந்தப் பக்கம்."

ஆர்விட் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான். "போட்டுக்கோ" என்றான். "ஓட்ட போடற மெஷின் என்கிட்டயே இருக்கு, நீ கொண்டு வராத."

அந்த வியாழக்கிழமை ஆர்விட்டின் ஷெட்டில், மார்லிஸின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், புதுக் குழாய் ஒன்று இருந்தது. அவள் அதைத் திறந்தாள். இரண்டு விரல்கடை நுரையோடு பீர் வந்து நின்றது. வெண்டல் அதைப் பார்க்கவில்லை. அவன் தன் ஷெட்டில் பீப்பாய்ப் பக்கத்தில், கையை மார்பில் கட்டிக்கொண்டு, முள் அறுபதில் நடுங்குவதைப் பார்த்தபடி நின்றான். மறுநாள் ஆர்விட்தான் வேலிக்கு வந்து சொன்னான். "குடிச்சா. நல்லா இருக்குன்னு சொன்னா." இருபத்தைந்து வருடம் காத்திருந்த சொல்லை அவள் சொன்னபோது அவள் முகத்தை இன்னொருவன் பார்த்திருக்கிறான் என்று வெண்டலுக்கு உறைத்தது. பீப்பாய்க்கு அது ஒன்றே மூன்று மாதத்துக்குக் காணும்.

இப்படியே வருடங்கள் போயின. மார்லிஸ் வாராவாரம் அடுத்த வீட்டில் உட்கார்ந்து புருஷன் காய்ச்சின பீரைக் குடித்தாள். புருஷன் தன் வீட்டில் நின்றபடி அவள் குடிப்பதற்கு வேண்டிய பிரஷரைக் கொடுத்தான். ஒரே ஒருமுறை, இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, அவனும் அங்கே போனான். வாசற்படியில் கால் வைத்து, மார்லிஸ் நிமிர்ந்து "அட, வா" என்ற கணத்திலேயே குழாய் இருமியது, பீர் நூலாகி, சொட்டாகி, நின்றுபோனது. மூன்று பேரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். வெண்டல், "அடுப்ப அணைச்சனான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிப் போனான். அவன் தன் ஷெட்டை எட்டுவதற்குள் ஆர்விட்டின் ஷெட்டில் பீர் வரத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து அவன் அதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டான். தான் போனால் அவளுக்குப் பீர் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்த எல்லாக் கணக்கும் சொன்னது. வேட்டைக் காலத்தில் மான் அடிக்கப் போகும்போதுகூட வியாழக்கிழமைக்குள் திரும்பிவந்து நின்றான். முடி நரைத்தது. விலாவுக்குக் கீழே, இடது பக்கம், எப்போதும் ஒரு இறுக்கம் இருந்தது. டாக்டர் அதற்கு வாயுத்தொல்லை என்று பெயர் சொன்னார்.

எட்டாவது வருடம் அக்டோபரில் ஒரு வியாழன் சாயங்காலம், மார்லிஸ் பாதியிலேயே எழுந்து, புல்வெளியில் ட்யூப் போன வழியாகவே நடந்து வெண்டலின் ஷெட்டுக்கு வந்தாள். அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் காலடி கேட்டதும் முள் சரசரவென்று இறங்கியது.

"என்ன, நுரைக்குதா?" என்றான்.

"இல்ல. நீ ஏன் அங்க வர்றதே இல்ல?"

"நான் வந்தா பீர் வராது. உனக்குத்தான் தெரியுமே."

"பீருக்காகவா நான் அங்க போறேன்?"

இந்தக் கேள்விக்கு அவன் எட்டு வருடமாக ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருந்தான், அதை அவள் வாயால் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ட்யூபும். "பின்ன எதுக்குப் போறே?" என்றான்.

"பேசறதுக்கு. அந்த ஆளு நான் சொல்றதக் கேப்பான். நான் இங்க உக்காந்து எத்தன வருஷம் ஆலைக் கத சொல்லியிருப்பேன், நீ ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாத்திருக்கியா? அந்த முள்ளதான பாத்துக்கிட்டிருந்தே? நுரை வர்றதுக்கு முன்னாடியும் அதத்தான பாத்தே?"

வெண்டல் முள்ளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அது ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்தது.

"பீர் வரலன்னா?" என்றான்.

"வரலன்னா தண்ணி குடிப்போம். அங்கயும் தண்ணிக் குழா இருக்கு. வா, மேல் கோட்ட எடுத்துக்கோ, காத்து அடிக்குது."

இரண்டு பேரும் ட்யூப் புதைத்த பச்சைப் புல் தடத்தின்மேல் நடந்து போனார்கள். ஆர்விட் அவர்களைப் பார்த்ததும் எழுந்து இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டான். வெண்டல் உட்கார்ந்தான். மார்லிஸ் தன் நாற்காலியை இழுத்து அவன் முட்டிமேல் முட்டி படும்படி போட்டுக்கொண்டாள். குழாய் எதிர்பார்த்தபடியே இருமியது, சொட்டியது, நின்றது. அவள் அதை மூடக்கூட இல்லை. கிளாஸில் இருந்த பாதியை ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்துக்கொண்டு, ஆலையில் புதிதாக வந்த மேனேஜர் தலைக்குப் போடும் வலைத் தொப்பியைத் தாடிக்குப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்த கதையைச் சொன்னாள். வெண்டல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான். "தாடி இருந்துச்சா அவனுக்கு?" என்றான். "அதான் இல்லையே!" என்று அவள் சிரித்தாள். அடிவயிற்றில் கிளம்பி, மூக்கில் முட்டி, பன்றிக்குட்டி போல முடிந்தது. முடியும்போது அவள் கை அவன் முழங்கையைப் பிடித்திருந்தது.

குழாய் ஒருதரம் மூச்சுவிட்டது. பிறகு, யாரும் தொடாமலே, பீர் வரத் தொடங்கியது. மார்லிஸ் சட்டென்று கிளாஸை நீட்டிப் பிடித்தாள். "பாத்தியா, நீ இருந்தாலும் வருது" என்றாள். வெண்டல் தன் விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை; எட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த இடம் தளர்ந்து கிடந்தது. அப்படியானால் இந்தப் பிரஷர் தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. பீப்பாய்க்கு யாருடையதானால் என்ன. அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆர்விட் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவி வைத்த கிளாஸ்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

"வந்துடுச்சா?" என்றான், திரும்பாமலே.

"வந்துடுச்சு" என்றான் வெண்டல்.

"நல்லது."

கிளாஸ் நிரம்பி நுரை பொங்கி மார்லிஸின் விரல்களில் வழிந்தது. நுரையைப் பார்த்தே வெண்டலால் சொல்லமுடிந்தது, அறுபதையும் தாண்டியிருக்கும். அவன் இத்தனை வருடம் சந்தேகப்பட்டது தப்பில்லை. இருந்தது. இருந்தும் ஆர்விட்டின் அந்த ஆசை ஒன்றும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு சாயங்காலம் நாற்காலி விரித்துப் போட்டு, கதை கேட்டு, சுவரில் ஓட்டை போட இடம் கொடுத்தது. அறுபது என்றால் ஒரு ஆளுக்கு எந்த இடத்தில் எப்படி இறுக்கும் என்று அந்தக் கவுன்டியில் வெண்டலைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அவன் எழுந்தான். ஏதோ வெளிச்சம் கண்ணில் படுவதுபோலத் தன் நாற்காலியை மார்லிஸிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். நுரை கொஞ்சம் அடங்கியது. இன்னும் நாலு விரல் தள்ளினான். பீர் தெளிந்து, சாதுவாக, இரண்டு விரல்கடை நுரையோடு வந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டான்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் மூன்று பேரும் அங்கேதான் உட்காருகிறார்கள். நுரை அதிகமானால் வெண்டல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறான், பீர் சப்பென்று வந்தால் கொஞ்சம் கிட்டே போடுகிறான். ரொம்பவும் சப்பென்று இருந்தால் மார்லிஸ் அவன் தோளில் கையைப் போடுகிறாள், ஆர்விட் போய்க் கிளாஸ் கழுவுகிறான்.